எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்களின் ஜெப வாழ்வு

பெரியோர் சரிதங்களைப் படிப்பதனால் விளையும் பயன்கள் பலவாயினும், அவற்றுள் தலையாயது, துன்பம் வந்துற்ற காலத்தில் அவர்கள் எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு நின்றனர் என்பதை அறிந்துகொள்ளுதலேயாம். செல்வமும் சுற்றமும் சூழ்ந்திருக்குங்கால் தெய்வத்தை நம்புகிறோம் என்று கூறுதல் எவர்க்கும் எளிது. சுற்றமே எதிர்த்து நிற்க, பிறந்த வீட்டின் வாயிலே அடைபட, அப்பொழுதும் இறைவன் கைவிடான் என்று கைகூப்பி நிற்பது சிலருக்கே இயலும். அச்சிலருள் ஒருவர், நம் வேளாளர் மரபில் தோன்றி, வைணவராய் வளர்ந்து, கிறிஸ்தவராய் மாறி, தமிழ்க் காவிய உலகில் அழியாப் புகழ் பெற்ற கிருஷ்ண பிள்ளையவர்கள்.

இவர் சரிதத்தை நம் சங்க வெளியீட்டில் எழுதலாமோ என்னும் ஐயம் அன்பர் சிலருக்கு எழக்கூடும். மரபில் பிறந்து மதத்தால் நீங்கிய ஒருவரைச் சாதிச் சங்கத்தார் தம்மவர் என்று பாராட்டுவது முறையா என்பது அவர்கள் வினா. நம் சங்கத்துக் குடும்பங்களிற் சில திருநீறு அணிவன. சில திருமண் இடுவன. சில ஞாயிறுதோறும் திருச்சபைக்குச் செல்வன. ஒரே பாட்டனார் வழியில் வந்தோர் மூன்று வழிபாடுகளில் நின்று, திருமண நாளிலும் துக்க நாளிலும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கத் தயங்கும் நிலைமையை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் இச்சரிதம் நமக்கு அயலதன்று. நம் வீடுகளுக்குள்ளேயே நிகழும் ஒன்றைப் பற்றியது. இதனை விருப்பு வெறுப்பின்றிப் படிக்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் நாள் கிருஷ்ண பிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை, தாயார் தெய்வநாயகியம்மை. குடும்பம் வைணவ வேளாளக் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். ஆதலின் பிள்ளையின் செவியில் இளமை முதலே கம்பர் பாட்டின் ஓசை புகுந்து தங்கிற்று. நூல் நயம் அறியும் பருவத்திற்கு முன்னரே ஓசை நயம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது எனலாம். பிற்காலத்தில் அவர் பாடிய காவியத்தில் கம்பரின் நடையும் சந்தமும் எதிரொலிப்பதற்குக் காரணம், கல்லூரியில் கற்ற கல்வியன்று. வீட்டுத் திண்ணையில் கேட்ட கேள்வியேயாம்.

இளமையில் திருப்பாற்கடல்நாதன் கவிராயர் முதலியோரிடம் தமிழ் இலக்கிய இலக்கணங்களைக் கற்றுத் தேர்ந்தார். குலவொழுக்கத்திற்கு ஏற்பத் திருமால் வழிபாட்டில் உறுதியாய் நின்றார். அக்காலத்தில் தம் நாட்டில் பரவிவந்த கிறிஸ்து மார்க்கத்தின்பால் அவருக்கு நாட்டம் இல்லை, பகைமையே இருந்தது. பிற்காலத்தில் எந்த எதிர்ப்பு தம்மைச் சூழ்ந்ததோ, அந்த எதிர்ப்பின் பக்கமே இளமையில் அவர் நின்றவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். எதிர்ப்போர் உள்ளம் எத்தகையது என்பதை அவர் நூல்களில் படித்தறியவில்லை. தம் நெஞ்சிலேயே அறிந்திருந்தார்.

அந்நாளைய நிலைமை

அக்காலத்தில் மதம் மாறுதல் என்பது இன்று நாம் கருதுவது போன்று தனி ஒருவன் மனத்தைப் பொறுத்த செய்தியாக மட்டும் இருக்கவில்லை. ஒருவன் ஞானஸ்நானம் பெற்றான் எனின், அவன் தன் வீட்டார்க்கு இறந்தவனாகவே கருதப்பட்டான். அவனோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணார். கொள்வினை கொடுப்பினை இல்லை. ஊர்க் கிணற்றில் நீர் இல்லை. இறந்தால் பிணம் சுமக்க உறவினர் தோள் இல்லை. மனைவி மக்களைப் பெண் வீட்டார் அழைத்துச் சென்றுவிடுதலும் உண்டு. 1850-ஆம் ஆண்டிற்கு முன்னர்ச் சொத்துரிமையையும் இழக்க நேர்ந்தது. அவ்வாண்டின் 21-ஆம் சட்டம், மதம் மாறியதனாலோ சாதியினின்று விலக்கப்பட்டதனாலோ ஒருவன் பிதுரார்ஜித உரிமையை இழக்கமாட்டான் என்று விதித்தது. அச்சட்டத்தைச் சென்னைப் பட்டணத்து இந்துப் பெருமக்கள் வன்மையாக எதிர்த்தனர். சட்டம் நிலத்தைக் காத்தது. ஆயினும் தாய் மடியையும் தமையன் தோளையும் எந்தச் சட்டமும் மீட்டுத் தர இயலாது அன்றோ?

1840-களில் திருநெல்வேலிச் சீமையில் விபூதிச் சங்கம் என்னும் பெயரால் ஓர் இயக்கம் எழுந்தது. புதிதாகக் கிறிஸ்தவரான சிற்றூர் மக்கள் பலர் தாக்குண்டனர். அவர்தம் வீடுகளும் சேதமுற்றன. சென்னையிலோ 1841-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் ஜான் ஆண்டர்சன் என்னும் பாதிரியாரிடம் பயின்ற இராஜகோபால், வெங்கடராமையா என்னும் இளைஞர் இருவர் ஞானஸ்நானம் பெற்றனர். அச்செய்தி பரவியதும் பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, பள்ளி ஏறக்குறைய வெறுமையாயிற்று. அப்பள்ளியே பின்னர் வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று என்பது நேயர்கள் அறிந்ததே.

எதிர்த்தவரை எல்லாம் கொடியவர் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. ஆட்சி அந்நியர் கையில் இருந்தது. பள்ளிகள் பாதிரிமார் கையில் இருந்தன. பெற்ற மகனையும் இழந்துவிடுவோமோ என்று நடுங்கிய தந்தையரின் அச்சம் உண்மையான அச்சம். சென்னையில் லட்சுமிநரசு செட்டியார் போன்றோர் பத்திரிகை நடத்தியும் விண்ணப்பங்கள் எழுதியும் தம் சமயத்தைக் காக்க முயன்றதும் இவ்வச்சத்தினாலேயே. ஆதலின் கிருஷ்ண பிள்ளையைச் சூழ்ந்த எதிர்ப்பு, வெறுப்பினால் மட்டும் விளைந்ததன்று, அன்பினாலும் விளைந்தது. அன்பினால் வரும் எதிர்ப்பே தாங்குதற்கு மிக அரியது. பகைவன் அடிக்குங்கால் நெஞ்சம் இறுகும். பெற்றவர் கண்ணீர் சிந்துங்கால் நெஞ்சம் உருகும். உருகிய நெஞ்சத்தோடு உறுதியாய் நிற்பது எங்ஙனம் என்பதே அவர் விடை காணவேண்டிய வினாவாயிற்று.

சாயர்புரத்தில் நிகழ்ந்த போராட்டம்

1853-ஆம் ஆண்டு கிருஷ்ண பிள்ளை சாயர்புரம் மிஷன் கல்விச்சாலையில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார். அக்கல்விச்சாலை, பிற்காலத்தில் திருவாசகத்தையும் திருக்குறளையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப் அவர்களால் 1840-களில் தொடங்கப்பெற்றது. இடையன்குடியில் கால்டுவெல் பாதிரியார் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிக்கொண்டிருந்த காலமும் அதுவே. அந்நூல் 1856-இல் வெளியாயிற்று. இவ்வாறு தமிழைப் போற்றிய கிறிஸ்தவர் நடுவே, கிறிஸ்துவைப் போற்றாத தமிழர் ஒருவர் ஊதியத்தின் பொருட்டு அமர்ந்திருந்தார்.

மாணவர்க்கு நன்னூலும் குறளும் கற்பித்துவந்த பண்டிதரின் உள்ளம் சிறிது சிறிதாய் அசையத் தொடங்கிற்று. தம்பி முத்தையா பிள்ளையும், நண்பர் தனக்கோடி ராஜுவும் கிறிஸ்து மார்க்கத்தை நாடினர். அவர்களோடு நிகழ்ந்த உரையாடல்களும், புதிய ஏற்பாட்டு வாசிப்பும், ஜான் பனியன் இயற்றி அக்காலத்தே தமிழிற் பெயர்க்கப்பட்டிருந்த மோட்சப் பிரயாண நூலும் அவர் சிந்தையைக் கிளறின. பாவம் என்பது எது, அதனைப் போக்குவார் யார், மன்னிப்பு எங்குளது என்னும் வினாக்கள் இரவும் பகலும் அவரை வருத்தின.

இந்நிலையில் அவர் செய்தது யாது? வாதம் செய்து வெல்ல முயன்றாரல்லர். ஊராரைக் கூட்டித் தம் மனமாற்றத்தை முழங்கினாரல்லர். தனிமையில் ஜெபித்தார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். அறிவின் ஆராய்ச்சியோடு ஜெபமும் அவரை அம்முடிவிற்குக் கொணர்ந்தது. பகலில் பள்ளியில் பாடம் சொல்லுதல், இரவில் உள்ளத்தில் போராடுதல், விடியலில் கைகூப்புதல் என இவ்வாறு காலம் கழிந்தது என்று நாம் கருதிப் பார்க்கலாம். வெளியே எதிர்ப்புத் தோன்றுவதற்கு முன்னரே அவருள்ளத்தில் ஓர் எதிர்ப்பு நிகழ்ந்தது. தந்தையின் கம்பராமாயணம் ஒருபுறம், புதிதாய்க் கண்ட வேதம் மறுபுறம். இரண்டிற்கும் நடுவே நின்ற அவருக்கு ஜெபம் ஒன்றே ஊன்றுகோலாயிற்று.

மயிலைக்கு வருகை

முடிவு செய்தபின் அவர் சென்னைக்குப் புறப்பட்டார். திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையே நானூறு மைல் வழி. அக்காலத்தில் தென்னாட்டு இரயில் பாதை இராயபுரத்திலிருந்து மேற்கே ஆற்காட்டு எல்லை நோக்கி 1856-இல் திறக்கப்பட்ட ஒன்றேயன்றி வேறில்லை; தெற்கே செல்வோர்க்கு மாட்டுவண்டியும் கால்நடையுமே துணை. அத்துணைத் தொலைவு கடந்து வந்து ஞானஸ்நானம் பெற அவர் எண்ணியதற்குக் காரணம், உற்றார் கண்ணெதிரே அவர் மனம் புண்படும்படி அதனைச் செய்ய விரும்பாமையே என்று நாம் கொள்வது பிழையாகாது.

1858-ஆம் ஆண்டு, மயிலாப்பூர்ப் பரிசுத்த தோமா ஆலயத்தில், தம் முப்பதாம் வயதின் எல்லையில், கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. எச். ஏ. என்று அவர் பெயர்க்கு முன் நாம் எழுதும் எழுத்துக்கள் இதனைக் குறிப்பன. புதுப்பெயர் பெற்றும் கிருஷ்ணன் என்னும் பழம்பெயரை அவர் விட்டாரல்லர் என்பது கருதத்தக்கது. இறைவன் தம்மை வேறு மனிதராக்கினான் என்று நம்பியவர், தம்மைப் பெற்றவர் இட்ட பெயரைத் துறக்க வேண்டும் என்று கருதவில்லை.

மயிலையில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சி தனிப் பொருள் உடையது. கபாலீசுவரர் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் விளங்கும் இவ்வூர், கிறிஸ்தவர்க்கும் புண்ணிய தலமே. இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமா இவ்வூர்க்கு வந்தார் என்றும், சைதாப்பேட்டைச் சின்னமலைக் குகையில் ஒடுங்கியிருந்தார் என்றும், பரங்கிமலையில் ஜெபித்துக்கொண்டிருக்கையில் ஈட்டியால் குத்துண்டு கி.பி. 72-இல் உயிர் துறந்தார் என்றும், அவர் உடல் மயிலைக் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டது என்றும் ஐதிகம் வழங்கிவருகிறது. வெனிசு நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோவும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தலத்தைப் பற்றிக் குறித்துள்ளார். சாந்தோம் பேராலயம் இன்றுள்ள வடிவில் 1896-இல் நிறைவெய்தியது. கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது கத்தோலிக்கருக்குரிய அப்பேராலயத்தில் அன்று. ஆங்கிலத் திருச்சபைக்குரிய ஆலயத்தில். ஆயினும் இரண்டிற்கும் பெயர் தோமாவினுடையதே. எதிர்ப்பின் நடுவே ஜெபித்தபடியே உயிர் விட்டார் என்று கருதப்படும் அடியார் ஒருவரின் பெயர் தாங்கிய இடத்தில், எதிர்ப்பை எதிர்நோக்கிய தமிழ்ப் புலவர் ஒருவர் ஜெபத்தோடு தலைவணங்கினார். அலையோசை கேட்கும் அவ்விடத்தைக் கடந்து செல்லும் அன்பர்கள் இதனை ஒரு கணம் நினைவார்களாக.

ஒரு பத்திரிகையும் இருவர் வழியும்

சென்னையில் இருந்த காலத்தில் கிருஷ்ண பிள்ளை, பெர்சிவல் பாதிரியார் 1855-இல் தொடங்கிய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையில் துணையாசிரியராகப் பணியாற்றினார். மாநிலக் கல்லூரியிலும் தமிழாசிரியராக இருந்தார். தினவர்த்தமானியோடு தொடர்புடைய மற்றொரு பெரியாரையும் இங்கு நினைத்தல் வேண்டும். அவர், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள். அவரும் வேளாளரே. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, பெர்சிவல் அவர்கள் அழைக்கச் சென்னைக்கு வந்து, தினவர்த்தமானியின் ஆசிரியராய் அமர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி என்னும் பெருமையும் பெற்றவர். அவர் பின்னர்ச் சைவ சமயத்திற்குத் திரும்பினார். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டினின்று அச்சேற்றித் தமிழ்த்தாய்க்கு உயிர் தந்தார்.

ஒரே மரபினர் இருவர், ஒரே பத்திரிகை, ஏறத்தாழ ஒரே காலம். ஒருவர் வைணவத்தினின்று கிறிஸ்தவத்திற்கும், மற்றவர் கிறிஸ்தவத்தினின்று சைவத்திற்கும் சென்றனர். இருவரும் தம் மனச்சான்றின் வழியே நடந்தனர். இருவரும் தமிழுக்குப் பெருந்தொண்டு புரிந்தனர். ஒருவரைத் துரோகி என்று இகழ்ந்து மற்றவரை வீரர் என்று புகழ்வோமாயின், நாம் போற்றுவது உண்மையையன்று, நம் பக்கத்தையே. இதனை நம் சங்கத்தார் எல்லோரும் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும்.

ஜெபம் செய்தது யாது?

இனி இச்சரிதத்தின் உட்பொருளை நோக்குவோம். கிருஷ்ண பிள்ளை இறைவனை நம்பி ஜெபித்தார். அதனால் அவர் பெற்ற பயன் யாது? எதிர்த்தோர் எல்லாம் மறுநாளே மனம் மாறிவிட்டனரா? இல்லை. பெற்றோர் பெயர் விளங்க வந்த புதல்வர் இருவரும் ஒரே வழியிற் சென்றமை உறவினர்க்கு எத்துணை அதிர்ச்சியாய் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அத்தகைய புண் ஒரு நாளில் ஆறுவதன்று. செல்வம் குவிந்ததா? அதுவும் இல்லை. வாழ்நாள் முழுதும் அவர் தமிழாசிரியராகவே உழைத்தார். சாயர்புரத்திலும், பாளையங்கோட்டை மிஷன் கல்லூரியிலும், பின்னர்த் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பாடம் சொல்லிக் காலங்கழித்தார். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்கள் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய கல்லூரி அதுவேயாகும்.

அங்ஙனமாயின் ஜெபத்தின் பயன் எங்கே? மூன்று பயன்களை நாம் காண்கிறோம். முதலாவது, அவர் உள்ளம் கசந்துபோகவில்லை. மதம் மாறியோர் பலர், விட்டு வந்த மரபைத் தூற்றுதலையே தொழிலாகக் கொள்வதுண்டு. கிருஷ்ண பிள்ளை தம் சமயமே மெய்ச்சமயம் என்று இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் நூலில் வாதித்துள்ளார்; அதனை நம்மவருட் பலர் ஒப்பார். ஆயினும் அவர்தம் பெருங்காவியத்தில் ஓங்கி நிற்பது வாதமன்று, பக்தியே. கம்பரையும் ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் அவர் துறந்தாரல்லர். அவர்களிடம் கற்ற உருக்கத்தையே தம் புதிய தெய்வத்தின் திருவடியில் வைத்தார்.

இரண்டாவது, அவர் காத்திருக்கக் கற்றார். ஞானஸ்நானம் பெற்றது 1858-இல்; இரட்சணிய யாத்திரிகம் நூல் வடிவில் வெளிவந்தது 1894-இல். இடையே முப்பத்தாறு ஆண்டுகள். எதிர்த்தோர்க்கு அவர் விடை கூற விரும்பினாராயின், ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி ஒரு வாரத்தில் அச்சிட்டிருக்கலாம். அவரோ பல ஆண்டுகள் நற்போதகம் என்னும் திருச்சபைப் பத்திரிகையில் பகுதி பகுதியாய் வெளியிட்டு, முதுமை வந்துற்றும் தளராது, 3,766 பாடல்களில் தம் விடையை முடித்தார். அது முடிவுறுங்கால் அவருக்கு அகவை அறுபத்தேழு. ஜெபிப்பவன் காலத்தை இறைவன் கையில் விட்டுவிடுகிறான். அவசரப்படுவோன் அதனைத் தன் கையில் வைத்துக்கொள்கிறான்.

மூன்றாவது, தாம் பட்ட துன்பத்தைப் பிறர்க்கு வழித்துணையாக மாற்றினார். இதனைச் சிறிது விரித்துக் கூறுவோம்.

யாத்திரிகமும் ஜெபமும்

இரட்சணிய யாத்திரிகத்திற்கு முதனூல் ஜான் பனியன் இயற்றிய ஆங்கில நூல். பனியன் பாத்திரம் செப்பனிடும் தொழிலாளி. அரசாங்கத் திருச்சபையின் அனுமதியின்றி உபதேசித்தமைக்காக 1660 முதல் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு நகரச் சிறையில் கிடந்தவர். அவர் நூலின் முதற்பகுதி 1678-இல் வெளிவந்தது. நாச நகரத்தினின்று புறப்பட்ட ஒருவன், மனைவி மக்களும் அயலாரும் தடுக்கவும், முதுகிற் சுமந்த பாவச் சுமையோடு மோட்ச நகரம் நோக்கி நடப்பதே அதன் கதை. வீட்டார் அழைக்கவும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் அவன் தோற்றம், சாயர்புரத்துப் பண்டிதரின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அக்கதையில் ஜெபத்தைப் பற்றிய இடங்கள் இரண்டு குறிக்கத்தக்கன. மரண நிழற் பள்ளத்தாக்கில் யாத்திரிகன் நடக்குங்கால், அதுவரை கைகொடுத்த வாள் அங்குப் பயன்படவில்லை. வாளை உறையிலிட்டுவிட்டு ஜெபம் என்னும் படைக்கலத்தை எடுக்கிறான். பின்னர்ச் சந்தேகக் கோட்டையில் ஓர் அரக்கனால் சிறைப்பட்டு, அவனும் தோழனும் அடியுண்டு, உயிரை மாய்த்துக்கொள்ளலாமோ என்று எண்ணும் அளவிற்குத் தளர்கின்றனர். சனிக்கிழமை நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி, விடியுமட்டும் ஜெபிக்கின்றனர். விடியலில் யாத்திரிகனுக்கு ஒன்று நினைவிற்கு வருகிறது; வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் அவன் மடியிலேயே இருந்தது! அதனால் பூட்டைத் திறந்து வெளியேறுகின்றனர். இதன் கருத்தை நோக்குங்கள். ஜெபம் வெளியிலிருந்து ஒரு புதுத் திறவுகோலைக் கொணரவில்லை. முன்னமே தன்னிடம் இருந்ததை நினைவூட்டிற்று. அரக்கனும் இருந்தான், பூட்டும் இருந்தது. மறதி ஒன்றே நீங்கிற்று.

இந்நூலைக் கிருஷ்ண பிள்ளை வெறும் மொழிபெயர்ப்பாகச் செய்தாரல்லர். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக வகுத்து, தமிழ்க் காப்பிய மரபிற்கு ஏற்ப விரித்துப் பாடினார். முதனூலில் இல்லாத இயேசுநாதரின் பாடுகளையும் மரணத்தையும் குமார பருவத்தில் விரிவாகப் பாடியுள்ளார். தம்மைச் சிலுவையில் அறைந்தோரை மன்னிக்குமாறு தந்தையை வேண்டிய அப்பெருமானின் ஜெபமே, எதிர்க்கப்படும் கிறிஸ்தவன் ஒவ்வொருவனும் கற்கவேண்டிய முதற்பாடம் என்பது அவர் கண்ட உண்மை. இடையிடையே தேவாரம் என்னும் பெயராலேயே 144 பாடல்களை அமைத்துள்ளார். கதை நடக்குங்கால் கவிஞர் நின்று இறைவனை நோக்கிப் பாடும் ஜெபங்களே அவை. சைவப் பெருமக்கள் கோயிலில் ஓதும் பாடல்களுக்குரிய பெயரைத் தம் ஜெபத்திற்கு அவர் இட்டது எதனைக் காட்டுகிறது? ஜெபிப்பதற்குத் தம் தாய்மொழி கற்பித்த வழியை அவர் மறக்கவில்லை என்பதையே காட்டுகிறது. 1899-இல் வெளிவந்த இரட்சணிய மனோகரம் முழுவதும் இத்தகைய பக்திப் பாடல்களே. அவர் பாடிய துதிகளுட் சில இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் பாடப்பட்டு வருகின்றன.

முடிவு

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3-ஆம் நாள் கிருஷ்ண பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார். அவர் இளமையில் எந்தத் தமிழ் மரபினின்று விலகிவிட்டார் என்று சுற்றத்தார் வருந்தினரோ, அந்தத் தமிழ் மரபே பின்னர் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று வாயார அழைத்தது. அவர் காவியப் பகுதிகள் பாடநூல்களில் இடம்பெற்று, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளாலும் படிக்கப்படுகின்றன. வாதத்தால் வெல்லமுடியாதது, வலிமையால் வெல்லமுடியாதது, பொறுமையோடு கூடிய ஜெப வாழ்வினால் வெல்லப்பட்டது. அவ்வெற்றியின் முழு அளவையும் அவர் உயிரோடிருந்து கண்டாரல்லர், காணாமலே நம்பினார். நம்பிக்கை என்னும் சொல்லுக்குப் பொருள் அதுவேயன்றோ?

இச்சரிதத்தினின்று நம் சங்கத்துக் கிறிஸ்தவ அன்பர்கள் கொள்ளவேண்டுவது ஒன்று உண்டு. விசுவாசத்தின் பொருட்டு எதிர்ப்பு நேருங்கால், எதிர்ப்போரைப் பகைவர் என்று எண்ணாது, அவர்தம் அச்சத்தையும் அன்பையும் உணர்ந்து, அவர்கட்காகவும் ஜெபியுங்கள். சொல்லால் விடை கூறுமுன் வாழ்வால் விடை கூறுங்கள். உடனே பயன் காணாவிடினும் தளராதீர்கள். முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தவர் ஒருவர் உமக்கு முன்னே நடந்திருக்கிறார். மற்றை அன்பர்கள் கொள்ளவேண்டுவதும் ஒன்று உண்டு. நம் வீட்டில் ஒரு மகனோ மகளோ வேறொரு வழியில் இறைவனைத் தேடப் புகுவாராயின், வாயிற்கதவை அடைக்கும் முன்னர் ஒரு கணம் தாமதியுங்கள். வெளியே நிற்பவர் நாளை நம் மொழிக்கு ஒரு காவியம் தரப்போகிறவராக இருக்கலாம். அவ்வாறு இல்லாவிடினும், அவர் நம் பிள்ளை என்பது மாறாது.

சென்ற கூட்டத்தின் இறுதியில் நம் சங்கத்து முதிய அம்மையார் ஒருவர், கிறிஸ்தவரை மணந்த தம் பேத்தியைப் பதினொரு ஆண்டுகளாகத் தாம் காணவில்லை என்றும், இவ்வாண்டுப் பொங்கலுக்கு அழைத்தால் வருவாளோ என்றும் தயங்கிக் கேட்டார். நாம் அவருக்கு அங்கே விடை கூறவில்லை, இச்சரிதத்தை எழுதினோம். அம்மையீர், அழையுங்கள். அவள் தன் வழியில் ஜெபித்துக் காத்திருக்கக்கூடும். நீங்களும் உங்கள் பூசையறையில் அதனையே வேண்டி வந்திருக்கிறீர்கள். இரு வேண்டுதல்களையும் கேட்கும் செவி ஒன்றே என்று நாம் நம்புகிறோம்.